சாய்கோடு

இரவு இரண்டு பத்து. பினாங்கு, பர்மா சாலை,
மருத்துவமனையின் அடித்தளத்தில்
நானும் பதினோரு சர்வர்களும்.
குளிரூட்டி அவற்றுக்காக ஓடுகிறது.
நான் ஸ்வெட்டருக்குள் ஒண்டியிருக்கிறேன்.

பஸ்ஸில் வேலை என்றதும்
எந்த ரூட்டு என்று கேட்டார் அப்பா.
ஆயர் ஈத்தாமிலிருந்து ஜெட்டிக்கு
இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர், கேட்கத்தானே செய்வார்.
இதற்குச் சக்கரம் இல்லைப்பா என்றேன்.
ஆய்வகம் ஒரு சேதியை ஏற்றிவிடும்,
ஏற்றிய கையோடு அடுத்த ரத்தக் குழாயை எடுக்கும்.
வார்டின் கணினி தூங்கினாலும்
மருந்தகம் பூட்டிக் கிடந்தாலும்
சேதி வரிசையில் உட்கார்ந்திருக்கும்,
இறங்குமிடம் கண் விழிக்கும்வரை.
"அப்ப யாரும் யாருக்காகவும் நிக்க வேணாமா?"
வேணாம்பா, அதுதான் இதுல அழகு.
"அழகா" என்றார்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

போன். மூன்றாம் மாடித் தாதி ஹஸ்னிஸா.
ஒரு பொட்டாசியம் முடிவு இன்னும் வரவில்லையாம்.
பன்னிரண்டு நாற்பதுக்கே அனுப்பியாயிற்று என்கிறதாம் ஆய்வகம்.
யாரும் பொய் சொல்லவில்லை.
அனுப்பியதும் உண்மை, வராததும் உண்மை,
இரண்டுக்கும் நடுவே சம்பளம் வாங்குகிறவள் நான்.

செத்த கடிதங்களின் வரிசையைத் திறக்கிறேன்.
பெயர் நான் வைத்ததில்லை.
மும்முறை கதவைத் தட்டி
மும்முறையும் விரட்டப்பட்டு
பிறகு எவரும் தேடாத நாற்பத்தொரு சேதிகள்.
முப்பத்தேழாவது:
மங்களேஸ்வரி ஏ/பி அடைக்கலம், வயது ஐம்பத்தெட்டு,
பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு.
எனக்கு மருத்துவம் தெரியாது.
எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு விழுந்தால்
யாரோ ஓட வேண்டும் என்பது தெரியும்.

ஆகவே பஸ்ஸை நம்பாமல்
பழைய வழியில், ஒரு குரலை இன்னொரு குரல்
பிடித்துக்கொண்டு நிற்கும் வழியில், சொன்னேன்:
ஆறு புள்ளி எட்டு.
"ஆறு புள்ளி எட்டு" என்று திருப்பிச் சொன்னாள் ஹஸ்னிஸா.
போனை வைக்கவில்லை.
மேசைமேல் கிடந்த ரிசீவருக்குள்
தூரமாகிக்கொண்டே போனது செருப்புச் சத்தம்.

அப்புறம்தான் காரணம் தேடினேன்.
போன வாரம் மாற்றிய வடிகட்டி
பெயரிலிருக்கும் சாய்கோட்டைக் கட்டத்தின் முடிவென்று எடுத்திருக்கிறது.
மங்களேஸ்வரி ஏ, அதோடு பெயர் தீர்ந்தது.
பி அடைக்கலம் என்கிற மிச்சம்
பிறந்த தேதிக் கட்டத்தில் போய் விழுந்தது.
அது தேதியே இல்லை என்று மறுத்தது நிரல். சரிதானே.
நாற்பத்தொன்றையும் பார்த்தேன்.
ஒரு பின் இல்லை, ஒரு பிந்தி இல்லை,
ஒரு லிம் இல்லை, ஓர் ஓங் இல்லை.
எல்லாம் நம் ஆட்கள்,
தகப்பன் பேருக்கு முன்னால் கோடு போட்டவர்கள்.

வடிகட்டியை எழுதியவள் பெயர் கோப்பின் தலையில் இருக்கிறது:
தமயந்தி ஏ/பி கருப்பண்ணன்.
லிம் சியூ ஹுவாவை வைத்துச் சோதித்தேன்,
ரொஸ்மான் பின் யாக்கோபை வைத்துச் சோதித்தேன்.
என்னை வைத்துச் சோதிக்கத் தோன்றவில்லை.

திருத்தம் ஒரே வரி.
நாற்பத்தொன்றையும் மறுபடி ஏற்றினேன்.
ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு,
ஒரே சேதி இருமுறை போனாலும் ஒருமுறைதான் கணக்கு.
மூன்று பதினேழுக்குக் கடைசிச் சேதியும் இறங்கியது.
ஹஸ்னிஸாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி:
ஊசி போட்டாச்சு, டாக்டர் பக்கத்தில்தான்.

வாட்ஸ்அப்பில் அதற்கு நேர் கீழே
வியாழக்கிழமையிலிருந்து அப்பா,
ஐம்பத்திரண்டு நொடி, திறக்காமல்.
அழுத்தினேன். முதலில் மின்விசிறி,
ஒரு இருமல், பிறகு
"கேக்குதாம்மா?"
கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.
பதிலுக்குக் காத்திருக்கிறார்,
பதிவுக்குள்ளேயே, ஏழு நொடி.

கேக்குதுப்பா என்றேன்
பதினோரு சர்வர்களின் இரைச்சலில்,
சத்தமாகவே.